இரண்டு மொனிட்டர், எறும்பு எழுத்து: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

யாரோ கனடாவில் இருந்து கொண்டுவந்து கொடுத்த மெல்லிய லப்டொப் ஒன்று. பக்கத்தில் பல வருசம் உழைத்த பழைய மொனிட்டர் ஒன்று. கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கத்துக் கொமினிகேசன்களிலும் ஸ்டூடியோக்களிலும் இந்தச் சோடியைக் காணலாம். 31ஆம் நாள் நினைவு மலரான கல்வெட்டுக்குப் படம் திருத்த மென்பொருளைத் திறந்தால், மொனிட்டரில் ஒழுங்காக இருந்த மெனு லப்டொப்பில் எறும்பு வரிசையாகிவிடும். மூக்கு திரையில் முட்டக் குனிந்தால்தான் 'சேவ்' எது, 'சேவ் அஸ்' எது என்று பிரித்தறியலாம்.

இதற்காகப் போர்மட் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். டிரைவரையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அந்த எழுத்து கூராக இருக்கிறதா, மங்கலாக இருக்கிறதா?

கண்ணால் சொல்ல முடியாவிட்டால் போன் கமராவைக் கிட்டக் கொண்டுபோய் ஒரு படம் எடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள். தமிழ் எழுத்து உள்ள இடம் என்றால் 'க்' இன் புள்ளியே போதும். சிறிய அளவில் அந்தப் புள்ளி ஒன்றிரண்டு பிக்சல்தான் இருக்கும். அது தனியாக, இறுக்கமாக நின்றால் மென்பொருள் தானே வரைந்த எழுத்து. சாம்பல் கறையாகக் கலங்கி 'க'வின் தலையோடு ஒட்டிக் கிடந்தால், மென்பொருள் வரைந்ததை வின்டோஸ் ஒரு படம்போல எடுத்து இழுத்திருக்கிறது. எழுத்தின் ஓரத்தில் மெல்லிய சிவப்பு, நீலச் சாயல் தெரிந்தால் அது எழுத்தைச் செம்மையாக்க வின்டோஸ் வழமையாகச் செய்வது. அதை மங்கல் என்று எடுக்கக் கூடாது.

கூரும் மங்கலும் இரண்டு வேறு வருத்தங்கள். ஒன்றுக்குரிய மருந்தை மற்றதற்குக் கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

எழுத்து ஏன் சின்னதாகிறது

வின்டோசின் பழைய கணக்கில் ஒரு அங்குலத்துக்கு 96 பிக்சல். அதுதான் 100 வீத அளவு, அதாவது 'ஸ்கேல்'. 125 வீதம் என்றால் 120, 150 என்றால் 144, 200 என்றால் 192. பழைய 17 அங்குல 1280×1024 மொனிட்டரில் உண்மையிலேயே அங்குலத்துக்குக் கிட்டத்தட்ட 96 பிக்சல் வரும். அந்தக் காலத்தில் எழுத்து எல்லோருக்கும் சரியாகத் தெரிந்ததற்குக் காரணம் இந்தப் பொருத்தம்தான்.

உங்கள் திரைக்குக் கணக்குப் பார்ப்பதும் லேசு. அகலப் பிக்சலின் வர்க்கத்தையும் உயரப் பிக்சலின் வர்க்கத்தையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, திரையின் மூலைவிட்ட அங்குலத்தால் பிரியுங்கள். 1366×768 உள்ள 18.5 அங்குலத்தில் 85 வரும். 1920×1080 உள்ள 22 அங்குலத்தில் 100. அதே 1920×1080 லப்டொப்பின் 15.6 அங்குலத்துக்குள் வந்தால் 141, 14 அங்குலத்தில் 157. 13.3 அங்குலத்தில் 3200×1800 என்றால் 276.

மெனுவில் உள்ள 9 பொயின்ட் அளவு எழுத்து 100 வீதத்தில் 12 பிக்சல் உயரம். அந்த 12 பிக்சல் பழைய 17 அங்குல மொனிட்டரில் 3 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். 276 பிக்சல் திரையில் 1.1 மில்லிமீற்றர். பார்வையில் பிழை இல்லை, அங்கே எழுத்தே இல்லை.

வின்டோஸ் 8.1 இல் இருந்துதான், அதாவது 2013 முதல், ஒவ்வொரு மொனிட்டருக்கும் வெவ்வேறு அளவு கொடுக்க முடிகிறது. ஒவ்வொரு மென்பொருளும் தொடங்கும்போது, அளவை யார் கவனிப்பது என்று வின்டோசுக்கு அறிவிக்க வேண்டும். சில மென்பொருள்கள் எதுவும் அறிவிப்பதில்லை. அவற்றை வின்டோஸ் 96 இல் வரையவிட்டு இழுக்கும். சில பிரதான மொனிட்டரின் அளவை மட்டும் ஒருதரம் கேட்டு, பிறகு கேட்பதே இல்லை. நல்லவை மொனிட்டர் மாறும் ஒவ்வொரு முறையும் திரும்ப வரைந்துகொள்ளும். கூராகச் சின்னதாகத் தெரிபவை நான்காவது வகை: 'நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லிவிட்டு ஒன்றும் செய்யாதவை. வின்டோஸ் அந்தச் சொல்லை நம்பிக் கையை எடுத்துவிடும்.

எது எந்த வகை என்று ஊகிக்கத் தேவையில்லை. 2019 இல் வந்த வின்டோஸ் 10 இன் 1903 பதிப்பில் இருந்து டாஸ்க் மனேஜரிலேயே பார்க்கலாம். 'டீடெய்ல்ஸ்' பக்கத்தில் தலைப்பு வரிசையை வலது கிளிக் செய்து, 'செலெக்ட் கொலம்ஸ்' போய், 'டிபிஐ அவெயர்னஸ்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். டிபிஐ என்பது மேலே பார்த்த அங்குலப் பிக்சல் கணக்குத்தான். 'அன்அவெயர்' என்றால் முதல் வகை, 'சிஸ்டம்' என்றால் இரண்டாவது, 'பெர் மொனிட்டர்' என்றால் மூன்றாவது. நான்காவது வகைக்குத் தனிப்பெயர் இல்லை. 'சிஸ்டம்' அல்லது 'பெர் மொனிட்டர்' என்று போட்டிருந்தும் எழுத்து எறும்பாக இருந்தால் அது பொய் சொல்லும் மென்பொருள்.

ஒரே ஒரு மென்பொருளில் மட்டும் எழுத்து சின்னதாக, ஆனால் கூராக இருக்கிறது

2012 இல் வந்த போட்டோசொப் சிஎஸ்6 இதற்குப் பேர்போனது. ஜாவா 8 இல் ஓடும் கணக்கு மென்பொருள்களும் இப்படித்தான்.

மென்பொருளை முழுதாக மூடுங்கள். அதன் ஐகனை வலது கிளிக் செய்து 'ப்ரொபர்ட்டீஸ்', அதில் 'கொம்பட்டிபிலிட்டி', அதன் கீழே 'சேன்ஜ் ஹை டிபிஐ செட்டிங்ஸ்'. திறக்கும் பெட்டியின் அடியில் 'ஓவர்ரைட் ஹை டிபிஐ ஸ்கேலிங் பிஹேவியர்' என்ற சரி அடையாளம் இருக்கும். அதைப் போட்டுவிட்டு, கீழே விரியும் மூன்றில் 'சிஸ்டம் என்ஹான்ஸ்ட்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். ஓகே, திரும்ப ஓகே, பிறகு மென்பொருளைத் திறவுங்கள். பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறினாலோ எழுத்தின் பாதி வெட்டுப்பட்டாலோ திரும்பப் போய் வெறும் 'சிஸ்டம்' ஆக்குங்கள்.

மூன்றில் முதலாவதாக இருக்கும் 'அப்ளிகேசன்' என்பதைத் தொடாதீர்கள். மென்பொருளின் சொல்லையே கேள் என்று வின்டோசுக்குச் சொல்வது அது. பிரச்சினையே அந்தச் சொல்தானே. சரி அடையாளத்தைப் போட்டுவிட்டு மூன்றையும் பார்க்காமல் ஓகே அடித்தால் இந்த 'அப்ளிகேசன்'தான் நிற்கும். வின்டோஸ் 7 இல் இதே வேலையைச் செய்யும் 'டிசேபிள் டிஸ்பிளே ஸ்கேலிங்' என்ற தனிப் பெட்டி இருந்தது. மங்கல் போகும் என்று யாரோ சொல்லக் கேட்டு அதைச் சரி போட்டு, மங்கல் போய் எழுத்து எறும்பான கொம்பியூட்டர்கள் நிறைய. ஆகவே புதிதாக எதையும் போடமுன், அங்கே ஏற்கெனவே யாராவது கை வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

செய்தும் ஒரு மாற்றமும் தெரியவில்லை என்றால், ஐகன் திறப்பது ஒரு தொடக்கிக் கோப்பை, அது திறப்பது வேறொரு கோப்பை. டாஸ்க் மனேஜரின் 'டீடெய்ல்ஸ்' பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பெயரை வலது கிளிக் செய்து 'ஓபன் ஃபைல் லொகேசன்' கொடுங்கள். காட்டும் கோப்பில்தான் மேற்சொன்னதைச் செய்ய வேண்டும். ஜாவா மென்பொருளுக்கு அது 'ஜாவாடபிள்யூ' என்ற கோப்பாக இருக்கும். 2017 இல் வந்த ஜாவா 9 முதல் அளவு மாற்றம் உள்ளேயே இருப்பதால், மென்பொருள் புதிய ஜாவாவில் ஓடுமானால் அதை ஏற்றுவதே நல்லது.

ஸ்டூடியோக்காரர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த மாற்றத்தைச் செய்தபின் வின்டோஸ் மெனுவை மட்டும் இழுப்பதில்லை, நீங்கள் திருத்தும் படத்தையும் சேர்த்தே இழுக்கிறது. திரை 150 வீதத்தில் இருந்தால், போட்டோசொப் 100 வீதம் என்று காட்டும் படத்தின் ஒரு பிக்சல் திரையில் ஒன்றரைப் பிக்சலாகப் பரவும். கூரான படம் மங்கலாகத் தெரியும். அதை நம்பி 'சார்ப்பன்' கூட்டினால் அச்சில் முகம் சொரசொரப்பாக வரும், மணப்பெண் வீட்டார் பேசத் தொடங்குவார்கள். மெனு, பெட்டி எல்லாம் லப்டொப்பில் இருக்கட்டும் என்றாலும் கூர்மை பார்க்கும் வேலையை 100 வீதத்தில் உள்ள வெளி மொனிட்டரில் வைத்துச் செய்யுங்கள். அதுவும் அந்த மொனிட்டரைப் பிரதானமாக்கிச் சைன் அவுட் செய்து வந்த பிறகு.

இன்னொரு முரட்டு வழி உண்டு, சிஎஸ்6 இற்கு அது மோசமில்லை. லப்டொப் திரையின் ரெசல்யூசனைச் சரிபாதி ஆக்குங்கள். 3200×1800 என்பது 1600×900 ஆகும். ஒவ்வொரு பிக்சலும் நான்காகப் பெருகும், பின்னம் வராது. ஸ்கேலை 100 இல் அல்லது 125 இல் விட்டால் மெனு வாசிக்கும் அளவுக்கு வந்துவிடும். திரையின் பளபளப்பு வீணாகிறதே என்று கவலைப்படுபவர்கள் புதிய போட்டோசொப்புக்கு மாற வேண்டியதுதான். அதில் 'எடிட்', 'ப்ரிஃபரன்சஸ்', 'இன்டர்ஃபேஸ்' போனால் 'யூஐ ஸ்கேலிங்' என்பதும், அதன் அருகே எழுத்தளவும் இருக்கும். மாற்றியபின் மென்பொருளை மூடித் திறக்காமல் 'வேலை செய்யவில்லை' என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

அளவு சரி, எழுத்துத்தான் மங்கல்

2001 இல் வந்த பேஜ்மேக்கர் 7 இன்றைக்கும் பாமினி எழுத்துருவோடு சேர்ந்து நம்முடைய நோட்டீஸ்களையும் கல்வெட்டுகளையும் சுமக்கிறது. அது பிறந்த காலத்தில் இந்தக் கேள்வியே இல்லை, ஆகவே வின்டோஸ்தான் அதை இழுக்கிறது. இங்கே 'சிஸ்டம் என்ஹான்ஸ்ட்' நன்றாகப் பிடிக்கும். 2017 இல் வின்டோஸ் 10 இன் 1703 பதிப்போடு வந்த இந்த முறை, பழைய பாணியில் எழுத்து வரையும் மென்பொருள்களின் எழுத்தைப் பெரிய அளவிலேயே திரும்ப வரையச் செய்கிறது. எழுத்து கூராகும், ஐகன் படங்கள் மட்டும் கொஞ்சம் மங்கலாகவே இருக்கும்.

பிடிக்காவிட்டால் ஆளைப் போட்டு அலட்ட வேண்டாம். இந்த மங்கல் திரையோடு நின்றுவிடும். பிறின்டரில் வரும் எழுத்துக்கும் பிடிஎஃப்புக்கும் ஒரு சேதமும் இல்லை. பேஜ்மேக்கர் சன்னலை 100 வீத மொனிட்டரில் வைத்தே வேலை செய்யுங்கள்.

ஒரு மொனிட்டரில் சரி, மற்றதுக்கு இழுத்தால் குழம்புகிறது

சன்னலை எல்லைக்கோட்டில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் அடுத்த மொனிட்டருக்குள் போனதும் ஒரு துள்ளல் துள்ளி அளவு மாறினால் மென்பொருள் திரும்ப வரைகிறது, அல்லது வின்டோஸ் அதை இழுக்கிறது. துள்ளலே இல்லாமல் அங்கே ராட்சதமாகவோ இங்கே குறுணியாகவோ நின்றால், தொடங்கியபோது பிடித்த அளவையே அது கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறது.

உடனடி மருந்து: மென்பொருளை மூடுங்கள், எந்த மொனிட்டரில் வேலையோ அதைப் பிரதானமாக்குங்கள், திரும்பத் திறவுங்கள். டிஸ்பிளே செட்டிங்சில் அந்த மொனிட்டரின் இலக்கத்தைத் தொட்டு, கீழே 'மேக் திஸ் மை மெய்ன் டிஸ்பிளே' கொடுத்தால் பிரதானமாகிவிடும்.

நிரந்தர மருந்து, முன்சொன்ன 'சேன்ஜ் ஹை டிபிஐ செட்டிங்ஸ்' பெட்டியின் மேல்பாதியில் இருக்கிறது. அதிகம் பேர் அதைக் கவனிப்பதில்லை. 'ப்ரோக்ராம் டிபிஐ' என்பதைச் சரி போட்டால் இரண்டு தெரிவு வரும்: வின்டோசுக்குள் சைன் இன் செய்தபோது பிரதான மொனிட்டரில் இருந்த அளவா, இந்த மென்பொருளைத் திறக்கும்போது இருக்கும் அளவா? இரண்டாவதை எடுங்கள். காலையில் லப்டொப்பில் மட்டும் சைன் இன் செய்து, ஒன்பது மணிக்குக் கடைக்கு வந்து மொனிட்டரைக் கொழுவுபவருக்கு இந்த ஒரு தெரிவே பாதி வருத்தத்தைத் தீர்க்கும்.

வேர்ட், எக்செல் என்றால் புதிய பதிப்புகளில் தனி இடம் உண்டு. 'ஃபைல்', 'ஒப்சன்ஸ்', 'ஜெனரல்' போய், பல திரைகள் பற்றிய வரியில் 'ஒப்டிமைஸ் ஃபோர் கொம்பட்டிபிலிட்டி' என்பதைத் தெரிவுசெய்து மென்பொருளை மூடித் திறவுங்கள்.

எதற்கும் மசியாத மென்பொருள் இருந்தால் இரண்டு திரைக்கும் ஒரே ஸ்கேலைக் கொடுத்துவிடுங்கள். அளவு ஒன்றானால் குழம்புவதற்கு எதுவும் இல்லை. ஆனால் கண்ணுக்கு இதமாக வைக்க வேண்டும் என்றால், முதலில் பார்த்த அங்குலப் பிக்சலை ஸ்கேலால் பிரித்து, இரண்டு திரைக்கும் வரும் விடை கிட்டக் கிட்ட இருக்குமாறு செய்யுங்கள். 141 உள்ள லப்டொப்பை 150 வீதத்தில் விட்டால் 94. பக்கத்து 22 அங்குலம் 100 வீதத்தில் 100. சன்னலை அங்கும் இங்கும் இழுத்தாலும் எழுத்து ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும். பழைய மொனிட்டரோடு சேர்த்து வேலை செய்யும்போது லப்டொப்பை 125 இல் விடுவதைவிட இது நல்லது.

மெனு சின்னது, உள்ளே எழுத்து பெரிது

ஸ்கேலை மாற்றியபின் சைன் அவுட் செய்யவில்லை. செய்யுங்கள். திரையைப் பூட்டித் திறப்பதும், லப்டொப்பின் மூடியைச் சாத்தித் திறப்பதும் சைன் அவுட் ஆகாது.

கரண்ட் போய் வந்த பிறகு எல்லாம் இடம் மாறிவிட்டது

இது பெரும்பாலும் மின்சார விசயம். 650 விஏ யூபிஎஸ்ஸில் கொம்பியூட்டரையும் ஒரு மொனிட்டரையும் கொழுவிவிட்டு, மற்ற மொனிட்டரை நேரே சுவரில் கொழுவியிருப்பார்கள். கரண்ட் நின்றதும் அந்த மொனிட்டர் இல்லாமல் போனதாக வின்டோஸ் எடுத்துக்கொள்ளும். அதில் இருந்த சன்னல்கள் எல்லாம் மற்றத் திரைக்குள் கொட்டுண்ணும், அங்கேயுள்ள ஸ்கேலுக்கு மாறும். கரண்ட் வந்தபின் திரும்பப் போகும்போது பழைய மென்பொருள்கள் அரைகுறையாகத்தான் மாறும். சுவரில் இருந்தது பிரதான மொனிட்டர் என்றால் பிரதானமே கைமாறிவிடும், குழப்பம் இரட்டிப்பு.

ஆகவே யூபிஎஸ்ஸில் இடம் ஒன்றுதான் என்றால் அது பிரதான மொனிட்டருக்கு. 22 அங்குல எல்இடி மொனிட்டர் 20 முதல் 30 வாற்று அளவில்தான் எடுக்கும் என்பதால் இரண்டையும் கொழுவினாலும் யூபிஎஸ்ஸுக்குப் பெரிய பாரமில்லை; லேசர் பிறின்டரை மட்டும் அதில் கொழுவக் கூடாது. வின்டோஸ் 11 என்றால் 'டிஸ்பிளே' பக்கத்தில் 'மல்டிபிள் டிஸ்பிளேஸ்' என்பதை விரித்து, மொனிட்டர் இணைப்பைப் பொறுத்துச் சன்னல்களின் இடத்தை நினைவில் வைக்கும் தெரிவு சரி போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கரண்ட் வந்ததும் மொனிட்டர்களைப் போட்டு, இரண்டிலும் படம் வரும்வரை பொறுத்து, அதன் பிறகே சைன் இன் செய்யுங்கள். திரைக்கு வெளியே மாட்டிக்கொண்ட சன்னலை, அதைத் தெரிவுசெய்து வின்டோஸ் விசை, சிஃப்ட், அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்தி இழுத்து வரலாம்.

ஸ்டார்ட் மெனு உட்பட எல்லாமே சின்னது

ஸ்கேல் 100 ஆகிவிட்டது, அவ்வளவுதான். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே போங்கள். மேலே தெரியும் படத்தில் உரிய மொனிட்டரைத் தொட்ட பிறகே ஸ்கேலை மாற்றுங்கள்; தொடாமல் மாற்றினால் தெரிவில் இருக்கும் திரைக்குத்தான் போகும். 'கஸ்டம் ஸ்கேலிங்' என்ற பெட்டியில் இலக்கம் அடிக்காதீர்கள். அது எல்லா மொனிட்டருக்கும் ஒரே அளவைத் திணித்துவிடும். தனித்தனி அளவு வேண்டுமானால் அதை நீக்கிச் சைன் அவுட் செய்ய வேண்டியிருக்கும். வின்டோஸ் விசையோடு 'பி' அழுத்தி, 'டூப்ளிகேட்' இல் இருந்தால் 'எக்ஸ்டெண்ட்' ஆக்குங்கள். டூப்ளிகேட்டில் இரண்டு திரைக்கும் ஒரே ரெசல்யூசன், ஒரே ஸ்கேல்தான்.

'அக்செசிபிலிட்டி' பக்கத்தில் 225 வீதம் வரை எழுத்தை மட்டும் கூட்டும் தெரிவும் உண்டு. வயதானவர்கள் பாவிக்கும் கொம்பியூட்டருக்கு நல்லது, ஆனால் பழைய மென்பொருள்கள் அதைக் கணக்கெடுப்பதில்லை.

வின்டோசுக்குப் பதிலாக உபுந்து, மின்ட் பாவிப்பவர்களுக்கு ஒரு வரி: திரையை வரையும் பழைய முறையான எக்ஸ்ஓஆர்ஜியில் தனித்தனி அளவு பெரும் இழுபறி, சைன் இன் திரையில் புதிய முறையான வேலண்டைத் தெரிவுசெய்தால் ஒவ்வொரு திரைக்கும் தனி ஸ்கேல் வைக்கலாம்.

சின்னது இல்லை, பெரிதாகவும் மங்கலாகவும் இருக்கிறது

இது ஸ்கேல் பிரச்சினையே இல்லை. ரெசல்யூசன் 1024×768 இல் விழுந்திருக்கிறது. அந்த மொனிட்டருக்கு 'ரெக்கமெண்டட்' என்று எழுதியுள்ளதை எடுங்கள். அப்படி ஒன்று பட்டியலிலேயே இல்லை என்றால் விஜிஏ கேபிளைக் கழற்றி ஊசிகளைப் பாருங்கள். 12 ஆம், 15 ஆம் ஊசிகள் வழியாகத்தான் மொனிட்டர் தன் அளவைக் கொம்பியூட்டருக்குச் சொல்கிறது. மலிவான கேபிள்களில் இந்த ஊசிகள் சிலவேளை இருப்பதில்லை, பழையவற்றில் வளைந்தோ முறிந்தோ கிடக்கும். நிறங்கள் எல்லாம் ஒழுங்காக வருவதால் கேபிளில் சந்தேகமே வராது. டிவைஸ் மனேஜரில் மொனிட்டரின் பெயர் 'ஜெனரிக் நொன் பிஎன்பி மொனிட்டர்' என்று இருந்து, வேறு கேபிள் கொழுவியதும் 'நொன்' என்ற சொல் போனால், பழைய கேபிளைக் குப்பையில் போடலாம்.